எங்கள் வீட்டில் நாய் இல்லை

எழுத்துப் பிழைகளை முதலே பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எழுதியதென்றால் கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டும், மிளகுச் சாக்கின் மேல் போடும் அடையாளமும்தான். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. அடுப்பில் எதை வைத்தேன் என்பதை மறந்து, கருகிய வாசம் வந்த பிறகு ஓடுகிறவள். அதனால் முன்னே நடந்தது பின்னேயும், பின்னே நடந்தது முன்னேயும் வந்திருக்கலாம்.

எழுதச் சொன்னவள் என் மருமகள். தம்பியின் மகள் என்பதால் பிறந்தபோதே மருமகள். என் மகனைக் கட்டியதால் இரண்டாம் முறையும் மருமகள். தாயைச் சிறுவயதில் இழந்து என் அடுப்படியில் வளர்ந்தவள். "மாமி, ஒங்களுக்கு வாயாலதான் வெக்கம். கைக்கு என்ன வெக்கம்? எழுதுங்க" என்றாள். அவளுக்கு வந்த நோயைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் சம்மதத்தோடுதான்.

எங்கள் வளவு, வீடும் தோட்டமும் சேர்ந்த இடம், கண்டிக்கு வடக்கே நாலந்தாவைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது. மிளகு, கொஞ்சம் பாக்கு, பின்பக்கம் ஆட்டுக்கொட்டில். என் கணவர் இருந்த காலத்திலேயே ஆடுகள்தான் எங்கள் பிழைப்பு. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குர்பான் கொடுக்க எங்களிடம்தான் கிடாய் பார்க்க வருவார்கள். பலர் எங்கள் வளவிலேயே அறுத்துப் பங்கு போட்டுக்கொண்டு போவார்கள். இடமும் உண்டு, கிணறும் உண்டு. கணவர் மௌத்தான பிறகு மகன் அதையே செய்தான்.

கொட்டில் கால் வைத்து உயரமாகக் கட்டியது. பலகைத் தட்டின் இடுக்கு வழியாகப் புழுக்கை கீழே விழும். அந்த நிழலில், குளிர்ந்த மண்ணில், ஒரு நாய் படுத்திருக்கும். செம்மண் நிறம், ஒரு காது கிழிந்தது. எந்த வருஷம் வந்தது என்று சொல்லத் தெரியாது. சிறுத்தை ஒரு குட்டியைத் தூக்கிப்போன பிறகு வந்தது என்பது மட்டும் ஞாபகம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் துரத்தவுமில்லை. அது வந்த பிறகு சிறுத்தை வரவில்லை. பன்றியும் குரங்கும்கூட மிளகுத் தோட்டத்துப் பக்கம் வரப் பயந்தன.

ஆனாலும் அதை எங்கள் நாய் என்று நாங்கள் சொன்னதில்லை. முஸ்லிம் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. தோட்டத்துக்கும் மந்தைக்கும் காவலுக்கு வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடம் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பழக்கத்தில் அது இருக்கவில்லை. அது முற்றத்துக்கு வராது, நாங்கள் அதைத் தொடமாட்டோம், அதற்குப் பெயர் கிடையாது. ஒருநாள் கிணற்றடி வாளியை நக்கிவிட்டது. சொல்லித் தந்தபடி ஏழு தடவை கழுவினேன், ஒரு தடவை மண் போட்டு. அதில் நாங்கள் மிகவும் கவனம். அதன் வாயைப் பற்றி அவ்வளவு கவனமாக இருந்தோம். அதன் மறுபக்கத்தை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்கு நாங்கள் கொடுத்த கூலி என்னவென்று சொல்ல வேண்டும். ஆடு அறுத்தால் சிலவேளை ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளையாகக் கொப்புளம் இருக்கும். உள்ளே தெளிந்த தண்ணீர். நாங்கள் 'தண்ணி முட்டை' என்போம். ஆடு மழைக்காலத்தில் அதிகம் தண்ணீர் குடித்தால் அப்படி வரும் என்று என் கணவர் சொல்வார். அவருக்கு அவர் வாப்பா சொன்னது. அப்படிப்பட்ட ஈரலை மனிதர் தின்பதில்லை. வீசிவிடவும் மனம் வராது. ஒரு தடியால் தூக்கி, தூர நின்றே, கொட்டிலுக்குக் கீழே போட்டுவிடுவோம். ஒரு உயிர் வயிறாறினால் நன்மைதானே என்று நினைப்பு. சோறு மிஞ்சினால் போட ஒரு பெரிய தேங்காய்ச் சிரட்டையும் அங்கே கிடந்தது.

கொட்டிலை ஒட்டித்தான் என் வல்லாரைப் பாத்தி. புழுக்கையைக் கூட்டி அதற்கே போடுவேன். எங்கள் வல்லாரை இலை உள்ளங்கை அகலம் வரும். வெங்காயம், தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய் போட்டு, புளி விட்டு நான் பிசைகிற பச்சைச் சம்பல் என்றால் மருமகளுக்கு வேறு கறி வேண்டாம். கலியாண வீடென்றாலும் மௌத்து வீட்டுக் கத்தம் என்றாலும் "ஒங்கட பாத்தில இருந்து வல்லாரை கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்டு வருவார்கள். அது எனக்குப் பெருமை.

மருமகளுக்கு வலப்பக்கம், விலாவுக்குக் கீழே, ஒரு கனம். முதலில் வலி என்றுகூடச் சொல்லவில்லை. "என்னமோ கல்ல முழுங்கின மாதிரி ஈக்கி மாமி" என்றாள். கேஸ்ட்ரிக் என்று நினைத்தோம். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் சரி என்பாள், மறுபடி கையை அதே இடத்தில் வைப்பாள். நோன்பு காலத்தில் ஸஹருக்கும் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் வாடியது. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம்.

டொக்டர் சிங்களவர், நிதானமான மனிதர். ஈரலில் ஒரு கட்டி இருக்கிறது, உள்ளே தண்ணீர்தான் தெரிகிறது, கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை என்றார். பிறகு, "வீட்டில் நாய் வளர்க்கிறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மருமகள் சிரித்துவிட்டாள். அத்தனை வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வரும். "இல்ல டொக்டர், நாங்க முஸ்லிம்."

டொக்டரும் சிரித்தார். பின்னால் நின்ற நானும் முந்தானையை வாய்க்கு வைத்துக்கொண்டு சிரித்தேன். மகன் தலையை ஆட்டினான். மூன்று பேரில் ஒருவருக்கும் பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் இல்லை. எங்கள் வீட்டில் நாய் இல்லை. அதுதான் எங்களுக்குத் தெரிந்த உண்மை.

"அப்படியானால் சும்மா நீர்க்கட்டியாக இருக்கலாம். வலி இருப்பதால் ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிடுவோம். அடுத்த கிழமை வாங்க" என்றார். கத்தி இல்லை, ஊசிதான் என்று நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அந்தக் கிழமையில், ஊசி நாளுக்கு முன்னமே, ஒரு தாயாடு விழுந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே மெலிந்து இருமிக்கொண்டிருந்தது. மற்ற ஆடுகளும் சரியில்லை என்று மகன் மிருக வைத்தியருக்குச் சொல்லியிருந்தான். அவர் வருவதற்குள் ஆட்டுக்கு மூச்சு வாங்கியது. வீணாகச் சாகக் கூடாதென்று மகன் பிஸ்மி சொல்லி அறுத்தான். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கத் தண்ணி முட்டை. ஈரலில் என் முஷ்டி அளவில் ஒன்று.

மிருக வைத்தியர் ஒரு இளம்பெண். யாழ்ப்பாணத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அந்த நேரம் மகன் வழக்கம்போல ஈரலைத் தடியில் தூக்கிவிட்டான். நாயும் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"போடாதேங்கோ! உந்த ஈரலை நாய்க்குப் போடாதேங்கோ!" என்று அந்தப் பிள்ளை கத்தினார்.

மகன் தடியோடு அப்படியே நின்றான்.

"நாய் உங்கடையோ?"

"இல்ல டொக்டர். அது சும்மா வந்து போற ஒண்டு."

"சும்மா வந்து போற நாய்க்கு ஏன் சிரட்டை வச்சிருக்கிறியள்?"

மகன் தடியை நாய்க்கு எட்டாமல் உயர்த்திப் பிடித்தான். அடுப்படியின் அரைக்கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒரு வெளி ஆள் வந்த உடனே கண்ட சிரட்டையை நான் இத்தனை வருஷம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அவர் அந்தக் கொப்புளத்தைக் காட்டி மகனுக்கு விளங்கப்படுத்தினார். நான் கேட்டதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அது தண்ணீர் குடித்து வந்ததல்ல. அது ஒரு புழுவின் குஞ்சுகள் இருக்கும் பை. நாய் அதைப் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் புழுவாகும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, கொழுத்துத்தான் இருக்கும். அதன் மலத்தில் முட்டைகள் வந்து மண்ணிலும் புல்லிலும் கிடக்கும். ஆடு அந்தப் புல்லைத் தின்றால் ஆட்டின் ஈரலில் மறுபடி பை. நாங்கள் போட்டதை நாய் எங்களுக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தது.

"ஆட்டு இறைச்சி தின்னுறதால மனுசருக்கு வராது. ஆனா அந்த முட்டை கையில, கீரையில ஒட்டி வாய்க்குள்ள போனா மனுசருக்கும் உதே மாதிரி ஈரல்ல கட்டி வளரும். கனகாலம் தெரியாது. அதை ஊசியால குத்தவும் கூடாது. உடைஞ்சு உள்ளுக்கு ஊத்தினா உயிருக்கே ஆபத்து."

நான் அரைக்கதவிலிருந்து வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். மருமகள் உள்ளறையில் படுத்திருந்தாள். ஊசிக்கு நாள் குறித்தாயிற்று.

மகன் வெளியே முகம் மாறி நின்றான். அவனுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் மருமகளின் கட்டியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

நான் ஆம்பிளைகள் முன்னால் பேசிப் பழகாதவள். வெளி ஆட்களோடும் அப்படித்தான். கடைக்குப் போனாலும் சாமானைக் கையால் காட்டுவேன். ஆனால் இது பொம்பிளைப் பிள்ளைதானே என்று மனதைத் தைரியப்படுத்தி, ஒரு தம்பிலி இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றிப் போய் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் வந்ததும் மெதுவாகச் சொன்னேன், மருமகளின் கட்டியை, ஊசியை.

அவர் தம்பிலியைக் கையில் வாங்கினார், குடிக்க மறந்துவிட்டார்.

"டொக்டரிட்ட நாய் இருக்கெண்டு சொன்னனீங்களோ அம்மா?"

"இல்லயெண்டு சொன்னம் மகள்."

"கட்டாயம் அதுதான் எண்டு நான் சொல்ல ஏலாது. ஆனா ஊசிக்கு முன்னம் இதைச் சொல்லோணும். நாய் இருக்கு, ஆட்டு ஈரல் போடுறனாங்கள். உவ்வளவும் சொன்னாப் போதும், டொக்டர்மாருக்கு விளங்கும். பயப்பிடாதேங்கோ."

பயப்படாதே என்று சொன்னால் பயம் போகுமா?

மகனிடம் சொன்னேன். அவன் கெட்டவனல்ல, இதைப் படிக்கிறவர்கள் அவனைப் பிழையாக நினைக்கக் கூடாது. அவன் பயந்தான். "ஹொஸ்பிடல்ல பாதிப் பேர் நம்மட ஊர் ஆள்கள் உம்மா. நாய் வளக்கிற வீடெண்டு சொல்லுவாங்க. எங்கட ஆட்டுல நோயெண்டு கத கெளம்பினா ஹஜ்ஜுக்கு ஒரு கிடாய் போகாது. இதுவும் அதுவும் ஒண்டெண்டு அந்த டொக்டருக்கே நிச்சயமில்லதானே?"

"நிச்சயமில்லாட்டி கேட்டுப் பாப்பம்."

"யார் கேக்கிறது? நீங்களா?" என்றான். குத்திச் சொல்லவில்லை. நான் பேசமாட்டேன் என்பது அவனுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம்.

மருமகளிடம் அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் கையை மறுபடி விலாவுக்குக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நானும் அந்த ஆடும் ஒரே வல்லாரைதான் தின்டீக்கிறோம்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு அன்று அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஊசி நாளன்று மூவரும் போனோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நின்றபடி நாய் இருக்கிறது என்பதைச் சிங்களத்தில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சந்தையில் காதால் கேட்டுப் பிடித்த சிங்களம். ஆனால் டொக்டர்மாரோடு பேசும் சிங்களம் வேறு என்று ஒரு பயம். மகன் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை போட்டு உள்ளே கூட்டிப் போனார்கள். மகன் தண்ணீர் போத்தல் வாங்கப் போகிறேன் என்று போனவன் வரவில்லை. டொக்டர் என்னைக் கடந்து உள்ளே போனார். நான் எழுந்தேன். தாதி, "அம்மா, இதுக்கு அங்கால வர ஏலாது" என்று மறித்தாள். நான் வழக்கம்போல உட்கார்ந்துவிடத்தான் பார்த்தேன். கால் மடங்கவில்லை.

"டொக்டர்!" என்றேன். என் சத்தம் எனக்கே யாரோ கத்தியது போல் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்து ஊர் முகங்களும் இருந்தன. பஸ்ஸில் பாடமாக்கியது எல்லாம் போய்விட்டது. "அபே கெதர பல்லெக் இன்னவா" என்றேன். எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது.

டொக்டர் நின்றார். "அன்றைக்கு இல்லை என்றீர்களே?"

"வீட்டுக்குள்ள இல்ல டொக்டர். கொட்டிலுக்குக் கீழ."

"கொட்டில் யாருடையது?"

"எங்களுடையது."

"அப்போ நாய்?"

மகன் அப்போதுதான் போத்தலோடு வந்து பின்னால் நின்றான். "எங்களுடையதுதான்" என்றேன். "ஆட்டு ஈரலில் தண்ணீர்க் கட்டி இருந்தால் அதற்குத்தான் போடுவோம்."

டொக்டர் தாதியைப் பார்த்து ஏதோ சொன்னார். மருமகளை வெளியே கூட்டி வந்தார்கள். அன்று ஊசி இல்லை என்றார்கள். இரத்தம் எடுத்தார்கள், வேறு பெரிய ஸ்கேனுக்கு எழுதினார்கள். டொக்டர் என்னிடம் வந்து, "நீங்கள் இன்றைக்குச் சொன்னது நல்லது அம்மா" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முதலில் எனக்குத்தான் தந்தான்.

அது அந்தக் கட்டிதான். இரத்தமும் ஸ்கேனும் அப்படித்தான் சொல்லின. புழுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். ஒப்பரேஷன் நாளில் மகனும் நானும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரிந்த சூறாக்களை எல்லாம் ஓதினேன். பாதியில் எங்கே விட்டேன் என்பது மறந்து மறுபடி முதலிலிருந்து ஓதினேன். கடைசியில், "அண்டைக்கு ஊசி போட்டீந்தா..." என்று தொடங்கி நிறுத்தினான். நான் அவன் முதுகில் கையை வைத்தேன். அவனை அப்படித் தொட்டு எத்தனையோ காலம்.

பெரிய பைக்குள் சின்னச் சின்னப் பைகளாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கேட்டதும் எனக்கு அந்தத் தாயாடு கண்ணுக்கு முன்னால் வந்தது. மருமகளிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், படித்துத் தெரிந்துகொள்வாள்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் நாயின் விஷயம். சுட்டுவிடச் சொன்னார்கள் சிலர். தூரக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள் சிலர். விட்ட இடத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. மிருக வைத்தியர், நாய்க்கு மாத்திரை இருக்கிறது, தவறாமல் கொடுத்தால் போதும், ஆனால் பச்சை ஈரல் இனிப் போடவே கூடாது என்றார். மாத்திரையையும் தந்தார். அதன் வாயில் யார் போடுவது? அங்கேதான் எங்கள் வீடு முழுக்க நின்றுவிட்டது.

பக்கத்து வளவில் ஒரு சிங்களவர் இருக்கிறார். என்னைவிட இளையவர், நான் 'மல்லி' என்பேன், சிங்களத்தில் தம்பி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர், "ரத்துவுக்கா? குடுங்க அக்கே" என்றார்.

"யாரு ரத்து?"

அவர் நாயைக் காட்டினார். செந்நிறம் என்பதால் அந்தப் பெயராம். வேலிக்கு அந்தப் பக்கம் அதற்கு இத்தனை வருஷமாகப் பெயர் இருந்திருக்கிறது!

"அப்ப அது ஒங்கட நாயா மல்லி?"

"ஐயோ இல்ல அக்கே. ஒங்க நாய்னு நெனச்சுத்தானே நான் சோறு போட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவர் முகத்திலும் யோசனை வந்தது. அவர் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கருவாட்டுச் சோற்று உருண்டைக்குள் மாத்திரையை வைத்து அவர்தான் கொடுத்தார். அடுத்த முறைகளும் அவர்தான் கொடுக்கிறார். நான் வேலியடியில் நின்று, விழுங்குகிறதா என்று பார்ப்பேன். கொஞ்ச நாள் கட்டிப்போட்டு, அதன் மலத்தைக் கையுறை போட்டு அள்ளிக் குழியில் புதைத்தது என் மகன். வல்லாரைப் பாத்தியையும் அவனே பிடுங்கி எரித்தான். நான் பார்க்கவில்லை. பின்பக்கம் போகாமல் அடுப்படியிலேயே இருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மகன் வருகிறவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தான். கொட்டிலுக்கு அப்பால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டி, மூடக் கல்லும் வைத்தான். ஆனால் வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை. வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்தவர்கள் பேசியிருப்பார்கள்.

அறுத்து உரிக்கும் இடம் ஆம்பிளைகளின் இடம். நாங்கள் பெண்கள் குடலைக் கழுவ மட்டும் கிணற்றடிக்குப் போவோம். ஒரு கிடாயின் நுரையீரலில் தண்ணி முட்டை இருந்தது. எங்களிடம் வருஷா வருஷம் கிடாய் எடுக்கும் ஒரு வயதானவர் அதை விரலில் தூக்கிக்கொண்டு, "எங்க ஒங்கட காவல்காரன்? பெருநாள் காசு குடுக்க வாணாமா?" என்று சீழ்க்கை அடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நாய் மல்லியின் வளவில் கட்டியிருந்தது, அங்கிருந்து ஊளையிட்டது. மகன் குனிந்து தோலை உரித்துக்கொண்டே இருந்தான்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போனேன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். "இதுல போடுங்க நானா" என்றேன். எங்கள் பேச்சில் அண்ணன் என்றால் நானா, அக்கா என்றால் தாத்தா.

"என்ன தாத்தா, நாய்க்குப் போடத்தானே?"

"வாணாம். இத நாய்க்குப் போட்டுத்தான் எங்கட புள்ளைட வயித்த வெட்ட வேண்டி வந்த. ஒங்கட வளவுகள்லயும் போடாதீங்க. பொதைங்க."

சீழ்க்கை அடித்தவர் கையில் இருந்ததைப் பார்த்தார். வாளியில் போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கையை நெடுநேரம் கழுவினார். மகன் வந்து என் கையிலிருந்து வாளியை வாங்கினான். குழிக்குக் கொண்டுபோகும் வழியில், இந்த முறை சத்தமாகவே, எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொன்னான்.

இதோடு நிம்மதி என்று எழுத ஆசைதான். ஆனால் இல்லை. அந்தக் கட்டி திரும்ப வரலாமாம். அதனால் மருமகள் ஸ்கேனுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்னால் அவள் நிறையச் சிரிப்பாள். அப்போதுதான் அவள் பயந்திருக்கிறாள் என்று தெரியும். இந்த மாதமும் போக இருக்கிறாள். இன்னொன்று. அந்த வல்லாரையை என் கையால் பிசைந்து எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டி தெரியவர வருஷங்கள் எடுக்கும் என்றார்களே. யாராவது விலாவில் கையை வைத்துக்கொண்டு போவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போய்க் கேட்கிறேன். வெட்கத்தைப் பார்க்காமல் கேட்கிறேன். சிலர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார்கள். சிலர் என்னைக் கண்டால் பாதையை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நாய் இருக்கிறதா என்று கேட்டால், உங்கள் கொட்டிலுக்குக் கீழே படுத்திருப்பதையும் நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

நான் எழுதியதில் புழுவைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் பிழை இருக்கலாம். அரைக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது, அதிலும் பாதி மறந்தது. கீரையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அந்த முட்டை சாகுமா, அவித்தால்தான் சாகுமா என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். நாய்க்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை என்பதும் மல்லிக்குத்தான் தெரியும். படித்த ஒருவர், மிருக வைத்தியர் என்றால் மிகவும் நல்லது, இதை ஒருதரம் பார்த்துப் பிழையான இடத்தைத் திருத்திவிட வேண்டும். என்னை நம்பி யாரும் பிழையாகச் செய்துவிடக் கூடாது.